சிவப்பு எழுத்தில்தான் விடை: பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகாதபோது செய்ய வேண்டியவை

கிள்ளையை ஒட்டிய பிச்சாவரம் அலையாத்திக் காடு, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் விரிந்து கிடக்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பதிவான பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். காடு எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பதைப் படகில் போகாமலே கணிக்கலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் சென்டினல் 2 படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவதில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர், இரண்டாவதில் 10 மீட்டர். அவற்றைத் திறந்து கணக்குப் போடத் தேவையான பைத்தான் மொழியும், நம்பை, ராஸ்டீரியோ, ஜியோபாண்டாஸ் போன்ற பேக்கேஜ்களும்கூட இலவசம்தான்.

இவ்வளவு இருந்தும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் முதல் நாளே நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. அது இன்ஸ்டால் செய்யும் இடம். திரை நிறையச் சிவப்பு எழுத்து ஓடியதும், “லேப்டாப் சரியில்லை”, “நமக்கு இது வராது” என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. பேக்கேஜுக்கும் கணினியில் இருக்கும் பைத்தானுக்கும் எங்கோ ஒரு பொருத்தமின்மை, அவ்வளவுதான். எது பொருந்தவில்லை என்பதை அந்தச் சிவப்பு எழுத்தே சொல்கிறது. அதை வரிசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை இங்கே.

கட்டளைகள் உச்சரிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியும் கோடும் இங்கே உள்ளபடியே தட்ட வேண்டும். லினக்ஸில் ‘பைத்தான்’ என்பதற்குப் பதில் ‘பைத்தான்3’.

1. எரரை மேலிருந்து படிப்பது

கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு விடை தேடுவது வழக்கம். பேக்கேஜ்களை இறக்கி ஏற்றும் கருவியான பிப் தானே தடுமாறினால் அது போதும். ஆனால் பேக்கேஜைக் கணினியிலேயே உருவாக்கும் முயற்சி தோற்றிருந்தால், கடைசி வரிகள் “பிழை துணைச் செயல்முறையில் வந்தது, பிப்பின் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை” என்ற பொருளில்தான் இருக்கும். உண்மைக் காரணம் அதற்கு இருபது, முப்பது வரி மேலே இருக்கும். ‘எரர்’ என்ற சொல் முதலில் எங்கே வருகிறது என்று மேலேறிப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் நிறத்தில் வரும் ‘வார்னிங்’ வேறு, சிவப்பில் வரும் ‘எரர்’ வேறு. பிப்பின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்பு பிழையே அல்ல. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

2. எந்தப் பைத்தான் ஓடுகிறது?

ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சாதாரணம். ஒன்றில் இன்ஸ்டால் செய்துவிட்டு மற்றொன்றில் நிரலை ஓட்டினால், ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்றுதான் வரும். முதலில் தட்ட வேண்டிய இரண்டு வரிகள்:

பைத்தான் --வெர்ஷன்
பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்

இரண்டாவது வரி பிப் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தப் பைத்தானுக்கு உரியது என்பதையும் காட்டும். வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டாமல், எப்போதும் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்றே தட்டும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

விண்டோஸில் ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? பைத்தான் இன்னும் ஏறவில்லை, அல்லது ஏறியும், கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறைப் பட்டியலான பாத்தில் சேரவில்லை. ஏறவில்லையென்றால் இன்ஸ்டாலரை ஓட்டி, முதல் திரையின் கீழே பைத்தானைப் பாத்தில் சேர்க்கச் சொல்லும் சிறு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். ஏறியிருந்தால் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ‘மாடிஃபை’ வழியே போனால், அடுத்து வரும் திரைகளில் அந்தக் கட்டம் இருக்கும். பைத்தானைத் திறந்ததும் வரும் முதல் வரியில் 32 பிட்டா, 64 பிட்டா என்பதும் தெரியும். டென்சர்ஃப்ளோ போன்றவை 64 பிட் பைத்தானுக்கு மட்டுமே வருகின்றன.

இந்த இடத்தில் நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸ் 7 இருந்தது. அண்ணன், அக்கா வாங்கிய அந்தக் கணினியில் தம்பி இன்று பைத்தான் கற்க உட்கார்ந்தால், புதிய பைத்தான் ஏறவே ஏறாது. விண்டோஸ் 7ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு 3.8, அதற்கான ஆதரவும் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. கணினி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, டெபியன் போன்ற லினக்ஸை எடை குறைந்த முகப்புத் திரையோடு ஏற்றினால், அதே கணினியில் இன்றைய பைத்தான் ஓடும்.

3. ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல்

ஒரு வேலைக்கான பேக்கேஜ்களை மற்றவற்றோடு கலக்காமல் தனிக் கோப்புறையில் வைப்பதே தனிச் சூழல். அதை அமைக்க:

பைத்தான் -எம் வென்வ் காடு

‘காடு’ என்பது நாம் வைக்கும் பெயர். அதையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பிறகு விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ‘காடு\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்’, லினக்ஸில் ‘சோர்ஸ் காடு/பின்/ஆக்டிவேட்’. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குள் சூழலின் பெயர் தெரிந்தால் உள்ளே வந்துவிட்டோம். விண்டோஸில் பவர்ஷெல் திரை ஸ்கிரிப்டுகளுக்கு அனுமதியில்லை என்று மறுத்தால், கமாண்ட் பிராம்ப்டுக்கு மாறினால் போதும்.

உபுண்டு 23.04, டெபியன் 12 தொடங்கி லினக்ஸ் பயனர்கள் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்ற எரரைச் சந்திக்கிறார்கள். கணினியின் சொந்த வேலைகளும் பைத்தானை நம்பியிருப்பதால், அந்தப் பைத்தானில் கை வைக்காதே என்று சொல்லும் காவல் அது. அதே எரர் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற குறுக்கு வழியையும் காட்டும். அதைத் தொட வேண்டாம். தனிச் சூழலுக்குள் போனால் இந்த எரர் வராது. ‘வென்வ்’ இல்லை என்று லினக்ஸ் சொன்னால், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்’.

4. பெயர் சரிதானா?

இன்ஸ்டால் செய்யும் பெயர் ஒன்று, நிரலில் அழைக்கும் பெயர் வேறொன்று என்பது பைத்தானில் சகஜம். முத்து அண்ணாமலை தொடங்கிய தமிழ்க் கருவித் தொகுப்பே நல்ல உதாரணம்: இன்ஸ்டால் செய்ய ‘ஓப்பன்-தமிழ்’, நிரலில் ‘இம்போர்ட் தமிழ்’. ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்று ஏற்றியதை ‘சிவி2’ என்றும், ‘பில்லோ’வைப் ‘பிஐஎல்’ (இது மட்டும் பேரெழுத்தில்) என்றும், ‘சைக்கிட்-லேர்ன்’ என்பதை ‘எஸ்கேலேர்ன்’ என்றும் அழைக்க வேண்டும்.

எழுத்துப்பிழையோடு தட்டுவதில் நேரம் மட்டும் வீணாவதில்லை. பிரபலப் பேக்கேஜின் பெயரைப் போலவே பெயர் வைத்துத் தீய நிரலைப் பதுக்குவோர் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் அப்படிப்பட்ட போலிகள் குவிந்ததால், பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ புதுப் பயனர் பதிவையே சிறிது நேரம் நிறுத்தி வைத்தது. பெயரை அந்தப் பேக்கேஜின் அதிகாரப்பூர்வ ஆவணத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

எல்லாம் சரியாக ஏறியும் நிரல் ஓடவில்லையா? நாம் எழுதிய கோப்புக்கே ‘நம்பை.பிஒய்’ என்று பெயர் வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பைத்தான் உண்மையான நம்பையை விட்டுவிட்டு நம் கோப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

5. வீல் இருக்கிறதா?

பேக்கேஜ்கள் இரண்டு வடிவில் வருகின்றன. ‘வீல்’ என்பது கட்டி முடித்த படகு, இறக்கினால் ஓட்டலாம். மூலநிரல் என்பது மரமும் ஆணியும். கட்டுவதற்குத் தச்சுக் கருவி நம்மிடம் இருக்க வேண்டும். விண்டோஸில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை’ என்ற எரர் வந்தால், நமக்கேற்ற வீல் கிடைக்காமல் பிப் மூலநிரலை எடுத்துக் கட்டப் பார்த்திருக்கிறது என்று பொருள்.

பல ஜிபி எடையுள்ள அந்தக் கருவியை இறக்குவதற்கு முன் ஒரு கேள்வி: பைத்தான் மிகப் புதிதாக இருக்கிறதா? ஆண்டுதோறும் அக்டோபரில் புதுப் பைத்தான் வருகிறது. எல்லாப் பேக்கேஜ்களுக்கும் அதற்கேற்ற வீல் வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை ஒரு பதிப்பு முந்திய பைத்தானில் வேலை செய்வது நல்லது. வீல் கோப்பின் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: ‘சிபி312’ என்றால் பைத்தான் 3.12க்கு, ‘வின்_ஏஎம்டி64’ என்றால் 64 பிட் விண்டோஸுக்கு. வீல் மட்டும் போதும், கட்ட வேண்டாம் என்று பிப்பிடம் சொல்ல:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --ஒன்லி-பைனரி :ஆல்: ராஸ்டீரியோ

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ‘டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை’ என்று எரர் வந்தால் பேக்கேஜ் பழையது. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. பேக்கேஜின் புதுப் பதிப்பைத் தேட வேண்டும், இல்லையென்றால் 3.11இல் தனிச் சூழல் அமைக்க வேண்டும்.

6. ஜிடால் என்னும் தடை

செயற்கைக்கோள் படத்தில் வேலை செய்வோரை அதிகம் வாட்டுவது, அந்தப் படக் கோப்புகளைத் திறக்க உதவும் ஜிடால்தான். ‘பிப் இன்ஸ்டால் ஜிடால்’ என்று தட்டினால் வருவது மூலநிரல். ஜிடாலின் சி++ நூலகம் கணினியில் முன்பே இருக்க வேண்டும். அதன் பதிப்பும் பைத்தான் பேக்கேஜின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ‘ஜிடால்-கான்ஃபிக்’ கிடைக்கவில்லை என்ற எரர்.

பிச்சாவரத்துப் படத்தைத் திறந்து, பசுமைக் குறியீடு கணக்கிட்டு, வரைபடமாக்கும் வேலைக்கு ஜிடாலைத் தனியாக ஏற்றவே வேண்டாம். ராஸ்டீரியோவின் வீலுக்குள் ஜிடாலும் சேர்ந்தே வருகிறது. எல்லைக் கோடுகளுக்கு ஜியோபாண்டாஸ் போதும். ஜிடாலே நேரடியாகத் தேவைப்பட்டால், கோண்டா என்னும் வேறொரு பேக்கேஜ் கருவியைத் தரும் மினிஃபோர்ஜை ஏற்றி, ‘கோண்டா இன்ஸ்டால் -சி கோண்டா-ஃபோர்ஜ் ஜிடால்’ என்று தட்டுவது எளிய வழி. அந்தச் சூழலில் கோண்டா தருவதையெல்லாம் முதலில் ஏற்றிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பிப்பைப் பயன்படுத்த வேண்டும்.

7. பேக்கேஜ்களுக்குள் சண்டை

2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, நம்பை 1க்காகக் கட்டப்பட்டிருந்த பல பேக்கேஜ்கள் நின்றுபோயின. இன்றும் பழைய பாடக்குறிப்பைப் பார்த்து இன்ஸ்டால் செய்பவர்களுக்கு அந்த எரர் வருகிறது. சம்பந்தப்பட்ட பேக்கேஜைப் புதுப்பிப்பது முதல் வழி. முடியாவிட்டால் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் "நம்பை<2"’. மேற்கோள் குறி கட்டாயம். எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று பட்டியலிட ‘பைத்தான் -எம் பிப் செக்’. முடிச்சு மேல் முடிச்சாகிவிட்டால், சூழல் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வேகமான வழி. நிரல் கோப்புகளை அந்தக் கோப்புறைக்கு வெளியே வைத்திருந்தால் எதுவும் இழப்பில்லை.

8. நெட் அறுந்தால்

போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது ‘ரீட் டைம்அவுட்’ வருவது இயல்பு. பிப் வழக்கமாக 15 வினாடிதான் காத்திருக்கும். கட்டளையோடு ‘--டைம்அவுட் 100’ சேர்க்கலாம். 2025இல் வந்த பிப் 25.1 முதல் ‘--ரெஸ்யூம்-ரீட்ரைஸ் 5’ என்று சேர்த்தால், அறுந்த இடத்திலிருந்து தொடர முயலும். ‘எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்’ எரர் வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். பேட்டரி போன பழைய லேப்டாப்பில் ஆண்டே தவறாக இருக்கும்.

வீட்டில் சிக்னலே நிற்கவில்லையென்றால், கல்லூரி ஆய்வகத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். இரண்டு கணினியிலும் ஒரே வகை விண்டோஸ் அல்லது லினக்ஸும், ஒரே பைத்தான் பதிப்பும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் (‘மூட்டை’ என்பது கோப்புறைக்கு நாம் வைக்கும் பெயர்):

பைத்தான் -எம் பிப் டவுன்லோட் -டி மூட்டை ராஸ்டீரியோ

வீட்டில், நெட் இல்லாமலே:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் மூட்டை ராஸ்டீரியோ

‘மெமரி எரர்’ வரும் 2 ஜிபி ராம் கணினியில் ‘--நோ-கேஷ்-டிர்’ சேர்த்துப் பார்க்கலாம். விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் சில பழைய பேக்கேஜ்கள் கோப்புறைப் பாதையைப் படிக்கத் திணறும். சி டிரைவிலேயே ஆங்கிலப் பெயரில் ஒரு சிறு கோப்புறை அமைத்து, அங்கே சூழலை உருவாக்கினால் தீரும்.

9. உதவி கேட்பதும், பதிந்து வைப்பதும்

இத்தனைக்கும் பிறகு தீராவிட்டால் ஆசிரியரிடமோ நண்பரிடமோ தயங்காமல் கேட்க வேண்டும். திரையைச் சாய்வாக எடுத்த போட்டோ உதவாது. தட்டிய கட்டளை, முழு எரர், பைத்தான் பதிப்பு, பிப் காட்டிய பாதை, விண்டோஸா லினக்ஸா என்ற விவரம் ஆகிய ஐந்தையும் எழுத்தாக நகலெடுத்து அனுப்பினால், பதில் சொல்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

ஓடத் தொடங்கிய அன்றே ‘பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்று தட்டி, பேக்கேஜ்களின் பதிப்புப் பட்டியலைக் கோப்பாக எடுத்துவிட வேண்டும். அதன் முதல் வரியில் # குறியிட்டுப் பைத்தான் பதிப்பையும் தேதியையும் எழுதி, படங்களோடு ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே காட்டை ஒப்பிட்டுப் பார்க்க வரும் மாணவர், அதே பைத்தான் பதிப்பில் புதுச் சூழலைத் திறந்து தட்ட வேண்டியது இந்த ஒரு வரிதான்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி