சுயசரிதை எழுதுவோர் கவனத்திற்கு

சென்ற மாதம் ஜாசின் சகோதரர் ஒருவர், காலஞ்சென்ற தம் வாப்பாவின் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இதை நம் மடலில் போடலாமா, பாருங்கள்" என்றார். நாற்பது பக்கம். பிறந்த ஊர், ஓதிய பள்ளி, நாகப்பட்டினத்தில் கப்பலேறியது, கடைச் சிப்பந்தியாக இருந்தது, சொந்தக் கடை வைத்தது என எல்லாம் பேரேடு போல வரிசையாக இருந்தன. இருபத்தேழாம் பக்கத்தில் ஒரே வரி: 1945-ல் ஜப்பான் நோட்டு செல்லாமற் போனதால் கடை முடங்கியது. அடுத்த வரியில் மூத்த மகள் பிறந்த செய்தி!

அந்த வரியைப் பற்றி மகனிடம் விசாரித்தோம். உம்மா சொல்லக் கேட்டதை அவர் சொன்னார். தகரப்பெட்டி நிறைய வாழைமர நோட்டு. கடைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. ஆனாலும் வாப்பா இரவெல்லாம் அதை எண்ணி எண்ணிக் கட்டினாராம். விடிந்ததும் உம்மா தம் காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம். சகோதரர்களே, சரிதை அங்கேயல்லவா இருக்கிறது!

இதற்கு வழிகாட்டி நம் மலாக்காவிலேயே இருந்தார். தமிழும் அரபும் கலந்த வம்சத்தில் 1796-ல் இங்கே பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்தாம் அவர். 1843-ல் எழுதி முடித்து, 1849-ல் அச்சேறிய அவரது சுயசரிதையில், மலாக்காக் கோட்டை இடிபட்ட சம்பவத்தைப் பாருங்கள். டச்சுக்காரரிடம் ஊரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கோட்டை அவர்களுக்குப் பலமாகிவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேயர், 1807-ல் அதைத் தகர்த்தனர். அப்போது முன்ஷிக்குப் பதினொரு வயதிருக்கும்.

அவர் எடுத்தவுடனே வெடிக்கு வரவில்லை. கோட்டையின் கட்டமைப்பை முதலில் விவரிக்கிறார். வீண் வருணனை என்று நினைத்துவிடாதீர்கள்; நின்றது இன்னதென்று தெரிந்தால்தானே விழுந்தது மனத்தில் தைக்கும்? பிறகு, பேய் பிசாசு குடியிருப்பதாகக் கூலியாட்கள் அஞ்சியதும், பர்குவார் துரை வெடிமருந்து வைத்ததும் வருகின்றன. கடைசியில் யானை யானையாகக் கற்கள் வானில் பறக்கின்றன. அந்த இடத்தில் தம் படிப்பையோ குடும்பத்தையோ அவர் நுழைப்பதில்லை. அவற்றுக்கு வேறு இடம் வைத்திருக்கிறார். எஞ்சிய ஒரே வாசலை மலாக்கா போகும்போதெல்லாம் நாம் பார்க்கிறோம்.

அதேபோல இந்த நோட்டுப் புத்தகமும் அந்த இரவில் தொடங்கட்டும். அந்தத் தகரப்பெட்டி ஊரிலிருந்து வந்ததென்றால் கப்பலுக்கும் ஒரு வாக்கியம் கொடுக்கலாம். பையன்கள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்பவை அவசியம் வேண்டும். வியாபாரி வீட்டுக் கதையில் தொகை இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்? ஓதிய பள்ளி இதில் வேண்டாம். அதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, இன்னொரு கட்டுரைக்கு இருக்கட்டும்.

சகோதரர் சம்மதித்தார். ஆனால் அந்தக் காப்பு விற்கப்பட்டதா, அடகிலிருந்து திரும்பியதா என்பது அவருக்குத் தெரியவில்லை. மூத்த லாத்தாவிடம் கேட்டு எழுதுவதாகச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறார்.