முழு ஃபிட்னஸ் இல்லையென்றால் ராஜினாமாவா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரத் தொழிலாளி நான். பிரஸ் ஷாப்பில் வேலை. ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும், டை மாற்றும்போது கனம் தூக்க வேண்டும். சம்பளம் மாதம் 27,000 ரூபாய். குள்ளமாக இருக்கிறேன் என்ற குறை சிறு வயதிலிருந்தே மனதை அரித்ததால், கடன் வாங்கி இரண்டு தொடை எலும்புகளையும் 6 செ.மீ. நீட்டிக்கொண்டேன். ‘காலில் எலும்பு ஆபரேஷன்’ என்று எழுதிக் கொடுத்துச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். சூப்பர்வைசரிடம் மட்டும் பைக்கில் விழுந்ததாக வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். கம்பி உள்ளே இருக்கிறது. இன்னும் நான்கு மாதம் கனம் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். விடுப்பு இரண்டு வாரத்தில் முடிகிறது. ‘முழு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுங்க, இல்லன்னா ராஜினாமா எழுதிக் கொடுங்க’ என்கிறது எச்.ஆர். தெரிந்த டாக்டர் ஒருவர் சர்டிபிகேட் தரத் தயார். வாங்கிக் கொடுத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த சர்டிபிகேட்டையும் வாங்காதீர்கள், ராஜினாமாவும் எழுதாதீர்கள்.

எலும்பை நீட்டும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. இழுக்கிறார்கள். அந்த இடைவெளியில் புது எலும்பு ஊறி இறுகுவதற்கு, இழுத்த காலத்தைவிட அதிக காலம் பிடிக்கும். அதுவரை உங்கள் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பிதான். முழுத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு டை தூக்குகிறீர்கள், கம்பி வளைகிறது அல்லது எலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்குத்தான் சட்டப்படி இழப்பீடு. ‘இது ஏற்கெனவே பலவீனமாக இருந்த கால், எங்களிடம் மறைத்துவிட்டார்’ என்று நிறுவனம் வாதாடும். நீங்கள் கொடுத்த சர்டிபிகேட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டிவிட்டதால் இ.எஸ்.ஐ.யும் கைகொடுக்காது. மாறாக, எவ்வளவு தூக்கலாம் என்று எழுத்தில் தெரிவித்த பிறகும் அவர்கள் உங்களைக் கனம் தூக்க வைத்தால், பொறுப்பு அவர்கள் பக்கம் போகும். காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே (பிரிவு 34) சொன்னது. பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் கடமையைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் முதலாளி மேல்தான் வைக்கிறது.

ராஜினாமா எழுதிக் கொடுத்து, அதை அவர்கள் ஏற்றுவிட்டால், நீங்களாகவே போனதாகத்தான் கணக்கு. ‘வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்’ என்று வழக்குப் போடும் வாசல் அநேகமாக மூடிவிடும். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது தொழிலாளர் நீதிமன்றத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

விடுப்பு முடிந்த மறுநாளே கம்பெனி கேட்டில் போய் நில்லுங்கள். அனுமதிக்காவிட்டால் அன்றைக்கே, ‘வேலைக்கு வந்தேன், திருப்பி அனுப்பினார்கள்’ என்று மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை மீதுள்ள உரிமை போய்விடும் என்று பல நிறுவனங்களின் நிலையாணைகளில் ஒரு விதி இருக்கும். அந்த விதியைக் காட்டி விசாரணையே இல்லாமல் ஒருவரை நீக்க முடியாது என்று டி.கே. யாதவ் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு பக்கபலமாக இருக்கிறதே என்று அந்த 8 நாளைத் தவறவிடாதீர்கள்.

சர்டிபிகேட்டை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், எந்தத் தேதி வரை, அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று அதில் இருக்கட்டும். ஏன் ஆபரேஷன் செய்தீர்கள் என்பது அதில் வர வேண்டியதில்லை. அது உங்கள் சொந்த விஷயம், அதற்காகக் கூச வேண்டியதும் இல்லை. ஆனால் பைக் விபத்துக் கதையை ஒரு காகிதத்திலும் எழுதிவிடாதீர்கள். எழுத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன சாக்குக்கு வேலையையே பறிப்பது மிகையான தண்டனை என்று வாதாட முடியும். எழுதிக் கொடுத்த பொய்க்கு அப்படி வாதாடுவது சிரமம். கம்பெனியின் குழு மெடிக்ளெய்மில் விபத்து என்று போட்டுப் பணம் கேட்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு அந்தப் பாலிசிகள் பணம் தருவதில்லை. மாற்றிச் சொல்வது மோசடி.

லைட் டியூட்டி உங்கள் உரிமையா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20(4) பிரிவு சொல்வது அரசு நிறுவனங்களுக்கு. உங்களுடையது தனியார் நிறுவனம். உங்கள் நிலையும் தற்காலிகமானது. நரம்பு பாதித்து நிரந்தரக் குறை ஏற்பட்டால், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் கம்பெனியில் விபத்தில் கால் உடைந்த யாருக்காவது ஸ்டோரிலோ இன்ஸ்பெக்‌ஷனிலோ சில மாதம் வேலை கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கொடுத்திருந்தால் அதைக் குறிப்பிட்டு அதே ஏற்பாட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் நான்கு மாத விடுப்பு நீட்டிப்பு கேளுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நீக்கினால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 45 நாளில் தீர்வு வராவிட்டால் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில், முன்பு 3 ஆண்டாக இருந்த கால வரம்பு 2 ஆண்டாகச் சுருங்கிவிட்டது.

இன்னொன்று: கம்பியை எடுக்க ஓரிரு வருடத்தில் மறுபடி ஆபரேஷன் இருக்கும். அதற்கும் விடுப்பு தேவைப்படும் என்பதை இப்போது கொடுக்கும் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.