உளியும் களிமண்ணும்

வரதய்யபாளையத்திற்கு மேற்கே திருப்பதியிலும், தெற்கே சென்னையைக் கடந்து மாமல்லபுரத்திலும் சிற்பக்கலை கற்பிக்கும் கல்லூரிகள் உள்ளன. மாமல்லபுரத்தில் அரசு 1957ஆம் ஆண்டில் இப்பயிற்சியைத் தொடங்கியது.

சிற்பம் பயில விரும்புவோர் முதலில் களிமண்ணில் உருவம் செய்து பழகுதல் நன்று. களிமண்ணில் மூக்குச் சிறுத்துவிட்டால் சிறிது மண்ணை ஒட்டிக்கொள்ளலாம். கல்லிலோ, உளி பெயர்த்த சில்லு மீண்டும் ஒட்டாது. ஆகவே, சிற்பி மூக்கைச் சற்றுப் பெரிதாக விட்டுவைத்து, இறுதியில் சிறிது சிறிதாகக் குறைப்பார்.

மாமல்லபுரத்தின் முற்றுப்பெறாத குடைவரைகளில், பல்லவர் காலச் சிற்பிகள் பாறையைக் கட்டங்கட்டமாகப் பிரித்துப் பெயர்த்த தடங்கள் இன்றும் காணப்படுகின்றன. பயில்வோர்க்கு முழுமை பெற்ற சிற்பங்களைவிட இவையே மிகுதியாகக் கற்பிக்கும்.

அருஞ்சொற்பொருள்: உளி – கல் செதுக்கும் கருவி, குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்த கோயில்.

பயிற்சி: களிமண்ணில் ஒரு முகம் செய்க. எவ்வுறுப்பைப் பலமுறை திருத்தினாய்? எழுதுக.