நெல் இருந்த இடம்

நுழையும்முன்

பயன் முடிந்த பழங்கட்டடத்தை இடிப்பதா, வேறு பயனுக்கு மாற்றுவதா? தானியம் காத்த களஞ்சியங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஓய்ந்த நீர்வழி

செங்கல்பட்டு மாவட்டத்தின் கேளம்பாக்கத்திற்கும் கோவளத்திற்கும் இடையே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில், சென்னையின் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இதன் பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. நெல்லும் உப்பும் விறகும் ஒருகாலத்தில் இக்கால்வாயில் படகேறிச் சென்றன. இருப்புப்பாதையும் சாலையும் பெருகியபின் படகுகள் குறைந்தன. நீர்வழி வணிகம் ஓய்ந்தால் கரையோரக் கிடங்குகளும் பயனிழக்கும். உலகின் பல துறைமுகங்களில் நிகழ்ந்ததும் இதுவே.

களஞ்சியத்தின் நுட்பம்

வீட்டில் குதிரும் பத்தாயமும் நெல்லைக் காத்தன. ஊருக்குக் கோயிற்களஞ்சியம் காவலாயிற்று. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலின் செங்கற்களஞ்சியம் இதற்குச் சான்று. தஞ்சை நாயக்கர் காலத்தில் எழுந்த அதன் உயரம் 36 அடி. கொள்ளளவு 3000 கலம். ஒரு கலம் என்பது 12 மரக்கால். வட்டச் சுவரில் மூலைகள் இல்லாமையால் நெல்லின் அழுத்தம் எப்பக்கமும் சீராகப் பரவுகிறது. ஈரமும் எலியும் புகாதிருக்கக் களஞ்சியங்களில் திறப்புகள் குறைவாகவே வைக்கப்பட்டன.

சுவருக்கு வெளியே வீடு

நெல்லுக்கு நன்மையான இவ்வமைப்பே மனிதர் குடியேறத் தடையாகிறது. மனிதருக்குச் சாளரம் வேண்டும். சாளரத்துக்காகச் சுவரை அறுத்தால் அதன் வலிமை குன்றும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் நீர்க்கரையில் நின்ற இரு வித்துக் களஞ்சியங்களை 2005ஆம் ஆண்டில் குடியிருப்பாக மாற்றியோர் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டனர். வீடுகளைச் சுவரின் வெளிப்புறத்தில் தொங்கவிட்டனர். உள்வெளியைப் படிக்கட்டுகளுக்கும் மின்தூக்கிகளுக்கும் ஒதுக்கினர். பழஞ்சுவர் நிலைத்தது, 84 குடும்பங்களுக்கு வீடும் கிடைத்தது.

யாருக்கு உரியது?

எல்லாக் களஞ்சியங்களையும் இவ்வாறு மாற்றலாமா? வணிகக் கிடங்கு தனிவீடானால் ஊருக்குப் பேரிழப்பு இல்லை. ஊர் விளைத்த நெல்லைக் காத்த கோயிற்களஞ்சியம் ஒருவருக்கே உரிய வீடானால், கட்டடம் பிழைக்கும். அதன் கதவோ ஊருக்கு அடைபடும். ஆயினும் பூட்டிவைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. ஆளரவமற்ற கட்டடத்தின் விரிசலில் ஆலங்கன்று வேரூன்றுவதைக் காண்பார் இலர்.

கேளம்பாக்கத்தை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா மற்றொரு வழியைக் காட்டுகிறது. பல ஊர்களில் இடிபட இருந்த பழைய வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. ஒரு குடும்பத்தின் திண்ணை இன்று அனைவரும் அமரும் திண்ணையாயிற்று. தனிவீடு பொதுவாகலாம், களஞ்சியம் வீடாகலாம். எம்மாற்றத்திலும், அக்கட்டடம் யாருக்காக எழுந்தது என்னும் நினைவு அழியாதிருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பயனற்றுக் கிடக்கும் பழங்கட்டடம் ஒன்றைப் பார்வையிட்டு, அதன் முந்தைய பயனையும் இனி அளிக்கத்தக்க பயனையும் குறித்து வகுப்பில் உரையாடுக.