வகுப்பறையில் ஆஸ்துமா: ஆசிரியர் அறிய வேண்டியவை

என் ஏழாம் வகுப்பில் ஆஸ்துமா உள்ள மாணவி ஒருத்தி படிக்கிறாள். அவளுடைய இன்ஹேலர் அவள் பையிலேயே இருக்கிறது. அலுவலக அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. மூச்சுத்திணறலின்போது சாவி தேடும் நேரம்கூட ஆபத்தானது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, தசை இறுகுகிறது, சளி சேர்கிறது. காற்று செல்லும் வழி குறுகுகிறது. தூசி, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று ஆகியவை இதைத் தூண்டும். ஆகவே மாணவர் வருமுன்பே வகுப்பறையைப் பெருக்கிவிடுகிறோம்; கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கிறோம்.

திணறல் வந்தால் செய்ய வேண்டியவை:

1. நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள்.

2. மருத்துவர் தந்துள்ள நீலநிற இன்ஹேலரை ஸ்பேசரில் பொருத்தி ஒருமுறை அழுத்துங்கள். குழந்தை 4 முறை மூச்சு இழுத்து விடட்டும். இவ்வாறு 4 முறை கொடுங்கள்.

3. 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் கொடுங்கள். அப்போதும் குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள். பேச முடியாவிட்டாலோ உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் உடனே அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை மருந்தைத் தொடருங்கள்.

"இன்ஹேலர் பழக்கமாகிவிடும்" எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அது அடிமைப்படுத்தும் மருந்தன்று. நேரே நுரையீரலுக்குச் செல்வதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும் எனப் பெற்றோர் கூட்டத்தில் விளக்குகிறேன். நோய் கட்டுக்குள் இருந்தால் விளையாட்டு வேளையிலும் இக்குழந்தைகளை ஒதுக்கி உட்கார வைக்கத் தேவையில்லை.