பழைய லாரி டிஸ்க்: சுரண்டுவதா, பிளாஸ்டிங்கா, பவுடரா?

சம்பா, தாளடி நெல் எல்லாம் கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்குப் போய்ச் சேர்ந்து, நடை குறைகிற சித்திரை வைகாசியில் பூதலூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அதற்காகவே பாதி வேலை. டயரைக் கழற்றாமல், ஒட்டிய சேற்றைக்கூடத் தட்டாமல், டிஸ்க் மேல் சில்வர் பெயிண்டைப் பூசி முடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். அந்தப் பெயிண்ட் துருவை மட்டும் மூடவில்லை. ஸ்டட் துளையிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசலையும் சேர்த்து மூடுகிறது.

அதனால் எந்த முறையைத் தேர்ந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இரும்பைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? பளபளப்பு அப்புறம்.

நம் வண்டிகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நெல் ஏற்றி இறக்கிய லாரி அடுத்த நடைக்குப் பொட்டாஷ் உர மூட்டை ஏற்றும். சில வண்டி வேதாரண்யம் போய் உப்பு ஏற்றி வரும். இரண்டிலும் உள்ள குளோரைடு, வாய்க்கால் ஓரத்துச் சேற்றோடு கலந்து டிஸ்கின் உட்புறம் ஒட்டிக்கொண்டு இரும்பை அரிக்கும். இதைக் கழுவாமல் சுரண்டினால் உப்பு துருக்குழிக்குள்ளேயே தங்கிவிடும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். எனவே முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அழுத்திக் கழுவி, வெயிலில் காயவிட வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பின்பக்க ஜோடி டயரில் வீல் நட்டைத் தொடும் முன்பே இரண்டு டயரிலும் வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். டியூப் போட்ட 10.00-20 டயருக்கான டிஸ்கில் டயரைப் பிடித்து நிறுத்துவது லாக் ரிங்தான். காற்று இருக்கும்போது அது தெறித்தால் ஆள் பிழைப்பது அரிது. இந்த ரிங் வேலைக்கென்றே அமெரிக்கா 1980-இல் தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் பஞ்சர் கடைகளிலும் அந்தக் கூண்டு இருக்க வேண்டும்.

இனி சுத்தம் செய்யும் முறைகள். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிச் சுரண்டுவது பூதலூரிலேயே முடிந்துவிடும், செலவும் குறைவு. வெளிமுகத்துக்கு இது போதும். ஆனால் லாக் ரிங் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் வெல்டு ஓரத்திலும் பிரஷ் போகாது. அங்கே உளியும் எம்ரித்தாளும் கொண்டு கையால் உட்கார்ந்து செய்ய வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் கைவேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். கல் தட்டு போட்டு அரைப்பது மட்டும் வேண்டாம். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்றுவிடும். அது விட்டுப்போகும் கீறலே பின்னால் விரிசலுக்கு வழி.

பிளாஸ்டிங் இதைவிட ஒரு படி மேல். பெல் ஆலையைச் சுற்றித் துவாக்குடியில் வளர்ந்த பேப்ரிகேஷன் பட்டறைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் உண்டு. செங்கிப்பட்டி வழியாகத் திருச்சி சாலையைப் பிடித்தால் போய்விடலாம். எஃகுத் துகளோ தாமிரக் கசடோ வைத்து அடித்தால் பள்ளத்துத் துருவும் போய், இரும்பு சாம்பல் நிறத்தில் ஒரே சீராக நிற்கும். விரிசல் தேட அதைவிட நல்ல முகம் கிடையாது. ஆற்று மணல் வைத்து அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தத் தூள் அடிப்பவர் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோய் தரும். நம் டிஸ்குக்காக இன்னொருவர் மூச்சை விலையாகக் கொடுக்க முடியாது. பழைய பெயிண்டைத் தீ வைத்து எரித்து எடுப்பதையும் ஒதுக்குங்கள். இரும்பின் வலு போய்விடும். காஸ்டிக் சோடாத் தொட்டி இரும்பின் பெயிண்டை எடுக்கும், துருவை எடுக்காது. அலுமினிய டிஸ்கை அதில் போட்டால் அலுமினியமே கரையும்.

இரும்பு தெரிந்ததும் நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். ஸ்டட் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, கைத்துளை ஓரத்தில் கோடு ஓடுகிறதா, ரிங் பள்ளம் அரித்திருக்கிறதா, லாக் ரிங் வளைந்திருக்கிறதா? கழற்றும் முன்பே நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அங்கே நட் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். விரிசலை வெல்டிங் வைத்து மூடும் பேச்சே வேண்டாம்.

அடுத்தது பூச்சு. ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல் என்பது பழைய வழி. உரித்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். ஐப்பசி ஈரத்தில் காலையில் உரித்த இரும்பு மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். எப்பாக்சி பிரைமரும் பி.யூ. பெயிண்டும் இதைவிட நீடிக்கும், விலையும் அதற்கேற்ப. பவுடர் கோட்டிங்கை அடுப்பில் 180 முதல் 200 டிகிரியில் வேகவைப்பார்கள். கல் பட்டாலும் எளிதில் உதிராது. ஆனால் அதன் தடிமனே அதன் வில்லங்கம். டிஸ்க் ஹப்போடு ஒட்டும் முகத்திலும், ஜோடி டிஸ்க் ஒன்றோடொன்று ஒட்டும் முகத்திலும், நட் உட்காரும் குழியிலும் மொத்தப் பூச்சு 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தடித்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, முறுக்கிய நட் தளரும். லாக் ரிங் பள்ளத்திலும் பவுடர் திரண்டால் ரிங் முழுதாக உட்காராது.

என் தீர்ப்பு இது. ஊருக்குள் நெல்லும் உரமும் சுமக்கும், லாக் ரிங் டிஸ்க் போட்ட லாரிக்கு பிளாஸ்டிங், எப்பாக்சி பிரைமர், மெல்லிய ஒரு கோட் எனாமல். நாகப்பட்டினத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ஓடும் டியூப்லெஸ் 22.5 அங்குல டிஸ்குக்கு, நான் சொன்ன முகங்களை டேப் ஒட்டி மறைத்துத் தருவார்களானால் பவுடர் கோட்டிங். மறைக்கத் தெரியாதவரிடம் அது வேண்டாம்.

பேலன்சிங் கடைசியில்தான். பழைய எடைத்துண்டுகளை எல்லாம் முன்பே எடுத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இனிச் செல்லாது. எந்திரத்தில் ஏற்றும் முன் ஜாக்கியில் தூக்கி, ரிம் அருகே ஒரு ஆணியை நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஆணிக்கும் ரிமுக்கும் உள்ள இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் மாறினால் டிஸ்க் கோணல், அல்லது டயர் சரியாக உட்காரவில்லை. எடை வைத்துக் கோணலை நேராக்க முடியாது. டியூப் டயரில் ஃபிளாப் மடங்கியிருந்தாலும் ஆட்டம் வரும். பணம் குறைவென்றால் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டுமாவது பேலன்சிங் செய்யுங்கள். ஸ்டியரிங்கில் தெரிவது அவற்றின் ஆட்டம்தான். மாட்டிய பின் முதல் நடையில், 80 முதல் 150 கி.மீ. ஓடியதும், வண்டியை நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள்.

விரிசல் கண்ட டிஸ்கை முழுசாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அங்கிருந்து வாங்கி சில்வர் அடித்து இன்னொரு லாரியில் மாட்ட ஆள் இருக்கிறார்கள். கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டிப் போடுங்கள்.