சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை

வங்கிக் கிளையின் மேலாளர் விடுப்பில் போகுமுன் சாவியை ஒப்படைப்பார். அதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. ஸ்ட்ராங் ரூம் சாவி யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போயிற்று என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். ரொக்கத்தை எண்ணிச் சரிபார்ப்பார்கள். இவ்வளவு கண்டிப்பான இடத்தில், அந்த மேலாளரின் தலைக்குள் இருப்பதை ஒப்படைக்க மட்டும் பதிவேடு கிடையாது. யாரிடம் என்ன சொல்லியிருக்கிறார், எந்தக் கோப்பு எந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது, எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் அவரோடு ரயிலேறிவிடுகிறது. பின்னாலேயே போன் அழைப்புகளும் போகின்றன.

எழுத்தராகச் சேர்ந்து, அதிகாரியாகி, இப்போது டெல்டா பக்கம் ஒரு கிளையைப் பார்த்துக்கொள்கிறேன். விடுப்பில் இருப்பவரைத் தேடி வரும் அழைப்பைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி, நானே அழைக்கிறவளாக இருந்த காலத்தில் கற்றது. விடுப்பில் போகிறவருக்குப் பதிலாளாக, அதாவது ரிலீவராக, ஊர் ஊராகப் போவேன். முன்பின் தெரியாத கிளை, தெரியாத மனிதர்கள், அடுத்தவர் நாற்காலி. ஒரு கிளையில் மேலாளர் தன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் போயிருந்தார். திங்கட்கிழமை காலை சுயஉதவிக் குழுப் பெண்கள் எல்லோரும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். “சார் இன்னைக்கு வரச் சொன்னாரும்மா, கையெழுத்து வாங்கிட்டுப் பணம் போட்டுடுவாருன்னு.” கடன் கோப்பைக் காணோம். அலமாரி முழுக்கத் தேடினோம். ஊழியர் யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அவருக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஒரு நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. “என் மேஜையில இடது பக்க டிராயர், அடியில இருக்கும்மா” என்றார். இருந்தது. பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் பிரசவ அறை வாசலை விட்டு வெளியே வந்திருக்கிறார். அன்று மாலைவரை எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அழைப்பவர்களைப் பற்றி நமக்கு எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் என் அனுபவத்தில், விடுப்பில் இருப்பவரைக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் பயத்தில் கூப்பிடுகிறார். தான் எடுக்கும் முடிவு தப்பாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்கிற பயம். “மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டேன்” என்று சொல்ல முடிந்தால் பாரம் இறங்கிவிடும். அதனால்தான் ‘கூப்பிடாதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பலிப்பதில்லை. முடிவெடுக்கும் துணிவையும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

எங்கள் துறையில் விடுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2021 ஜூலை 9 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, கருவூலம், கரன்சி செஸ்ட் போன்ற முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்பச் சொல்கிறது, அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல். அந்த நாட்களில் அவர்கள் பொதுவான அலுவலக மின்னஞ்சலைப் பார்க்கலாம். தம் வேலை சம்பந்தப்பட்ட மற்ற எதையும் நேரிலோ கணினி வழியாகவோ தொடக்கூடாது. இந்தப் பட்டியலில் யார் யார் வருவார்கள் என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கையில் வகுத்துக்கொள்கிறது. காரணம் எளிது. மோசடி செய்கிறவர் தினமும் நாற்காலியில் இருந்தால்தான் அதை மூடி மறைக்க முடியும். பிரான்ஸின் சொசைட்டி ஜெனரல் வங்கிக்கு 490 கோடி யூரோ நட்டம் ஏற்படுத்திய ஜெரோம் கெர்வியல் விவகாரம் 2008 ஜனவரியில் வெளிவந்தபோது, அவர் முந்தைய ஆண்டு முழுவதும் நான்கே நாள் விடுப்பு எடுத்திருந்தது தெரியவந்தது.

நேர்மையாக வேலை செய்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நான் ஊரிலிருந்தபடியே போனில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால், என் வேலையை வேறொரு கண் பார்க்கும் வாய்ப்பே கிளைக்குக் கிடைக்காது. என் கோப்புகளில் தெளிவில்லாத இடம் எது, எனக்கு மட்டுமே தெரிந்த நடைமுறை எது என்பது நான் இல்லாதபோதுதான் வெளியே வரும். அந்த வகையில் விடுப்பு எனக்குக் கிடைக்கும் ஓய்வு மட்டுமல்ல, கிளைக்கு ஒரு சோதனையும்கூட. இதைப் புரிந்துகொண்ட பிறகு, போனை எடுக்காமல் இருப்பதில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் வருவதில்லை.

இனி நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். முதலாவதும் முக்கியமானதும் ஒரு தாள். நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள், அதனால் ஒரே தாள். ‘நிலுவையில் உள்ளவை’ என்று பொதுவாக எழுதாமல், வரப்போகிற ஆளை வைத்து எழுதுவேன். இப்படி: “அரிசி ஆலைக்காரர்: புதன்கிழமைக்குள் பெரிய தொகைக்குக் காசோலை வரலாம். அதற்குள் கணக்கில் பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டாவிட்டால் லிமிட்டைத் தாண்டும். நான் எந்த உறுதியும் கொடுக்கவில்லை. திருப்பி அனுப்பலாம்.” இன்னொரு வரி: “இறந்தவரின் லாக்கர்: இரண்டு மகன்களும் சேர்ந்து வந்தால் மட்டும் பேசவும். ஆவணங்கள் நடு அலமாரி, மேல் தட்டு.” ஒவ்வொரு வரியிலும் மூன்று இருக்கவேண்டும்: என்ன சொல்லப்பட்டிருக்கிறது, தாள் எங்கே இருக்கிறது, மறுக்கலாமா கூடாதா. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ‘மறுக்கலாம்’ என்று என் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்தால்தான் ரிலீவருக்குத் தைரியம் வரும்.

தாளைக் கடைசி நாள் மாலையில் கையில் திணித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடக்கூடாது. முந்தின நாளே ரிலீவரை வரவழைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் போனில் அரை மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுவேன். அவர் கேட்கும் கேள்விகளை அதே தாளில் எழுதிச் சேர்ப்பேன். விடுப்பில் வரவேண்டிய அழைப்புகளில் பாதி அந்த அரை மணியிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது போன் எண். கிளைக்கென்று கொடுத்த சிம் கிளையிலேயே இருக்கவேண்டும், அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கையில். வாடிக்கையாளர்களுக்கு அந்த எண்ணை மட்டுமே கொடுத்துப் பழக்கிவிட்டேன். அடிக்கடி வருகிற பத்துப் பதினைந்து பேருக்கு நானே போன் செய்து, “இந்தத் தேதிவரை நான் இருக்கமாட்டேன், இன்னார் இருப்பார், அவர் சொல்வதுதான் முடிவு” என்று சொல்லிவிடுவேன். வட்டார அலுவலகத்துக்கும் ரிலீவரின் பெயரையும் எண்ணையும் எழுதி அனுப்புவேன். வாட்ஸ்அப் குழுக்களை ஆவணப் பகுதிக்குத் தள்ளிவிடுவேன். ‘இன்று மாலைக்குள் எத்தனை காப்பீடு’ என்று கேட்கும் செய்தி எனக்கானதல்ல, அந்த நாற்காலிக்கானது. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் விடுப்பில் இருப்பவருக்கு வரும் மின்னஞ்சலைத் தானாக அழித்துவிட்டு, மாற்று ஆள் யார் என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் வசதியைக் கொண்டுவந்தது 2014 இல் செய்தியானது. அழிப்பதைவிட மாற்று ஆளின் பெயரைச் சொல்வதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

இத்தனைக்குப் பிறகும் அழைப்பு வரும். எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மன் கொடைக்கு எங்கிருந்தாலும் போய்விடுவேன். செவ்வாய்க்கிழமை மதியக் கொடை. மேளக்காரர்கள் வாசலில் நிற்க, பெண்கள் வரிசையாகப் பொங்கலிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ரிலீவர் தம்பி கூப்பிட்டார். அரிசி ஆலைக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், காசோலை கிளியரிங்கில் வந்துவிட்டது, பணம் கட்டவில்லை, “மேடம் பாஸ் பண்றேன்னு சொன்னாங்க, வேணும்னா போன் போட்டுக் கேளுங்க” என்கிறார். நான் வேப்பமரத்தடிக்கு நகர்ந்து, “தம்பி, தாள்ல அவரைப் பத்தின வரியைப் படிங்க” என்றேன். படித்தார். “அதுல உள்ளதுதான். இப்ப கிளை உங்க பொறுப்பு. நீங்க எந்த முடிவு எடுத்தாலும் நான் உங்க பக்கம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தை அங்கிருந்தே, “ஏட்டி, பொங்கல் பொங்கி வழியுது, நீ போனைக் காதுல வச்சிட்டு நிக்கே” என்று சத்தம் போட்டாள். ஆலைக்காரரிடம் போனைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே ரிலீவர் வெறும் தூதராகிவிடுவார், அதன்பிறகு வருகிற ஒவ்வொருவரும் என்னோடுதான் பேசவேண்டும் என்பார்கள்.

எந்த அழைப்புக்குப் பதில் சொல்வது? நான் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்வேன். இது எனக்கு மட்டும்தான் தெரியுமா? நான் திரும்பும்வரை காத்திருந்தால் யாருக்காவது உண்மையான சேதம் வருமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் பேசுவேன். ஸ்ட்ராங் ரூம் பூட்டு சிக்கிக்கொண்டது, திருட்டு, தீ, மூத்த வாடிக்கையாளரிடம் யாரோ மோசடியாகப் பணம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள், இப்படியானவற்றுக்கு அந்தக் கேள்விகளே வேண்டாம், நள்ளிரவானாலும் கூப்பிடலாம். புள்ளிவிவரம் வேண்டும் என்றால் மாட்டேன். பேசிய பிறகு சொன்னதை இரண்டு வரிச் செய்தியாக அனுப்பிவிடுவேன். வாய்வார்த்தை அடுத்த அழைப்பைப் பெற்றெடுக்கும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதே கிடையாது. “மேடம், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லிடுங்களேன்” என்று சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். கேட்பவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சொல்லமாட்டேன். ஒருவர் பதிவிட, இன்னொருவர் ஒப்புதல் தருவதுதான் வங்கிக் கணினி அமைப்பின் உயிர். விடுப்பில் இருக்கும் என் பெயரில் ஒரு பரிவர்த்தனை நடந்தால், அந்த இரண்டாவது கண் போலியாகிவிடுகிறது. நாளை விசாரணை வந்தால் பதில் சொல்லவேண்டியவளும் நான்தான். உங்கள் வேலை எதுவாக இருந்தாலும் கடவுச்சொல்லை விடுப்பில் இருந்துகொண்டு கடன் கொடுக்காதீர்கள்.

விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, அவசியம் என்றால் திரும்ப அழைக்கலாம் என்று வங்கி அதிகாரிகளின் பணி விதிகள் சொல்கின்றன. இதைக் காட்டி, விடுப்பிலிருப்பவரிடம் அரைநாள் வேலை வாங்குவதைச் சிலர் நியாயப்படுத்துவார்கள். திரும்ப அழைப்பது வேறு, இருந்த இடத்திலிருந்து உழைக்கச் சொல்வது வேறு. பல மணி நேரம் கணினி முன் உட்காரவேண்டிய வேலை வந்தால், “இன்றைய விடுப்பை ரத்து செய்து பணி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள்” என்று பணிவாகக் கேட்பேன். எழுத்தில் கேட்டதும் பல வேலைகளின் அவசரம் தணிந்துவிடும். எங்களுக்கு 11 நாள் பணிக்கு ஒரு நாள் என்று சேருகிற விடுப்பு அது, உழைத்து ஈட்டியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இன்படி கடை ஊழியர்களுக்கு ஓராண்டு பணி முடித்த பிறகு சம்பளத்தோடு கிடைப்பது 12 நாள். ஜவுளிக்கடைக் கணக்கரை அதில் ஒரு நாள் போனிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் முதலாளி, அவருடைய ஆண்டு ஓய்வில் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்.

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைபற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்பை நியாயமான வரம்புக்குள் மறுக்கச் சட்ட உரிமை இருக்கிறது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018 இல் இதற்கொரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. அதனால் இப்போதைக்கு இதைக் காப்பாற்றவேண்டியவர்கள் மேலே இருக்கும் நாம்தான். என் கிளையில் யாராவது விடுப்பில் இருக்கும்போது எனக்கு அவரிடம் கேட்க ஏதாவது தோன்றினால், மேஜை நாட்குறிப்பில் அவர் பெயருக்கு நேரே எழுதி வைக்கிறேன். அவர் திரும்புவதற்குள் அதில் பாதிக்கு விடை வேறு எங்கோ கிடைத்துவிடுகிறது.

திரும்பி வருகிற நாளுக்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சாவியை வாங்கிக்கொண்டதும், ரிலீவர் எடுத்த முடிவுகளை அவர் வாயாலேயே கேட்பேன். தேவையில்லாமல் எதையும் மாற்றமாட்டேன். அரிசி ஆலைக் காசோலையை அந்தத் தம்பி திருப்பி அனுப்பியிருந்தார். ஆலைக்காரர் முதல் நாளே கோபமாக வந்து நின்றார். அவரை உட்காரவைத்து, ரிலீவர் செய்தது சரிதான், கணக்கில் பணம் இல்லாமல் நானாக இருந்தாலும் பாஸ் பண்ணியிருக்கமாட்டேன் என்று, ஊழியர்கள் காதில் விழும்படியே சொன்னேன். லிமிட்டைக் கூட்டிக் கேட்க விண்ணப்பம் கொடுங்கள் என்று படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அது முறைப்படி மேலிடத்துக்குப் போயிற்று.